ஜீனி எடிட்டரில் சி, சி++, பைத்தான்: கம்பைல், பில்ட், ரன் அமைப்பது எப்படி? சிக்கல்களும் தீர்வுகளும்

#1 கருவிப்பெட்டி

ஜீனிக்குள் கம்பைலர் (நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் மென்பொருள்) கிடையாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் இங்கே வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். எஃப்9 அழுத்தும்போது ஜீனி செய்வது ஒரே வேலை: நாம் எழுதி வைத்த ஒரு வரியை எடுத்து, அதில் கோப்பின் பெயரைப் பொருத்தி, இயங்குதளத்திடம் கொடுத்துவிடுகிறது. அதனால் ஏதாவது ஓடவில்லை என்றால் மூன்றைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரி என்ன? எந்த ஃபோல்டரில் நின்று அது ஓடுகிறது? அது தேடும் கம்பைலர் பாத் பட்டியலில் (இயங்குதளம் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) இருக்கிறதா?

ஒரு வேண்டுகோள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழெழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். இரட்டை மேற்கோள், கோடு, சதவீதக் குறி எல்லாம் உள்ளது உள்ளபடியே.

உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்கள்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜீனி பில்ட்-எசென்ஷியல்

பில்ட்-எசென்ஷியலோடு ஜிசிசி (சி கம்பைலர்), ஜி++ (சி++ கம்பைலர்), மேக் (பல கோப்புள்ள நிரலைப் பில்ட் செய்யும் கருவி) மூன்றும் சேர்ந்து வந்துவிடும். ஃப்ளாட்பேக்கில் கிடைக்கும் ஜீனி வேண்டாம். அது தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் வெளியே நிறுவிய ஜிசிசியை நேரடியாகப் பார்க்காது.

அடுத்து, புதுக் கோப்பைத் திறந்ததும் முதலில் சேமியுங்கள், பெயரின் பின்னால் .சி அல்லது .சிபிபி போட்டு. பின்னொட்டு இல்லாவிட்டால் ஜீனிக்கு இது என்ன மொழி என்று தெரியாது. பில்ட் மெனுவில் அந்த மொழிக்கான கம்பைல், பில்ட் வரிகள் வராது.

இப்போது பில்ட் மெனுவின் அடியில் இருக்கும் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' திறக்கவும். மூன்று பகுதிகள் இருக்கும். மேலே சி மொழிக்கான கட்டளைகள், நடுவில் மொழி சாராத கட்டளைகள், கீழே ஓட்டுவதற்கானவை. ஒவ்வொரு வரியிலும் பெயர், கட்டளை, ஃபோல்டர் என்று மூன்று கட்டம். ஃபோல்டர் கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பு இருக்கும் ஃபோல்டரே எடுத்துக்கொள்ளப்படும். பெரும்பாலும் அதுவே சரி.

கட்டளைக்குள் ஜீனி நிரப்பிக் கொடுக்கும் குறிகள் ஐந்து:

%எஃப் – கோப்பின் பெயர், பின்னொட்டோடு
%ஈ – பின்னொட்டு இல்லாத பெயர்
%டி – கோப்பு இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதை
%பி – திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டின் அடிப்படைப் பாதை
%எல் – கர்சர் நிற்கும் வரி எண்

சி மொழிக்கு நான் பரிந்துரைப்பது:

கம்பைல்: ஜிசிசி -எஸ்டிடி=சி11 -வால் -வெக்ஸ்ட்ரா -ஜி -சி "%எஃப்"
பில்ட்: ஜிசிசி -எஸ்டிடி=சி11 -வால் -வெக்ஸ்ட்ரா -ஜி -ஓ "%ஈ" "%எஃப்" -எல்எம்
எக்ஸிக்யூட்: "./%ஈ"

வால், வெக்ஸ்ட்ரா இரண்டிலும் முதல் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். கோப்பின் பெயரில் ஒரு இடைவெளி இருந்தாலே கட்டளை இரண்டாக உடைந்துவிடும். சி++ கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இதே பெட்டிக்குப் போய் ஜிசிசி என்பதை ஜி++ என்றும், சி11 என்பதை சி++17 என்றும் மாற்றுங்கள். மொழிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

#2 வல்லினம்

நல்ல தொடக்கம். ஒன்றைச் சேர்க்கிறேன், புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எஃப்8, எஃப்9, எஃப்5 மூன்றும் மூன்று வேலை.

எஃப்8 கம்பைல். பிழை இருக்கிறதா என்று பார்த்து .ஓ கோப்பை மட்டும் உண்டாக்கும். அதை ஓட்ட முடியாது. எஃப்9 பில்ட், ஓடக்கூடிய கோப்பு இதில்தான் பிறக்கிறது. எஃப்5 ஓட்டுவது மட்டும்.

எஃப்8 அழுத்தி 'கம்பைலேஷன் வெற்றி' என்று வந்ததும் எஃப்5 அழுத்தினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். கோப்பே இல்லையே, எதை ஓட்டும்? இதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. நேற்று பில்ட் செய்த கோப்பு ஃபோல்டரில் கிடக்கிறது. இன்று நிரலைத் திருத்திவிட்டு நேராக எஃப்5 அழுத்தினால் ஜீனி திருத்தத்தைச் சேமிக்கும், ஆனால் மறுபடி பில்ட் செய்யாது. பழைய நிரல்தான் ஓடும். எதை மாற்றினாலும் விடை மாறவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது 'எஃப்9 அழுத்தினீர்களா, கீழே சிவப்பில் ஏதாவது வந்ததா' என்பதைத்தான்.

#3 சி_மாணவி

அண்ணா, உபுண்டுல #1ல சொன்ன மாதிரியே போட்டேன். எஃப்9 பிழை இல்லாம முடியுது. எஃப்5 அழுத்தினா எதுவும் திறக்கல, கீழே ஸ்டேட்டஸ்ல டெர்மினல் பத்தி ஏதோ பிழை வந்து மறையுது. கருப்புத் திரையே வரல. என்ன பார்க்கணும்?

#4 கருவிப்பெட்டி

தங்கச்சி, பில்ட் கட்டளையில் குறை இல்லை. ஓட்டுவதற்கு ஜீனி வெளியே ஒரு டெர்மினலைக் கூப்பிட வேண்டும்; அந்த டெர்மினல் கணினியில் இல்லை.

எடிட் > ப்ரிஃபரன்ஸஸ் > டூல்ஸ் போங்க. டெர்மினல் என்ற கட்டத்தில் எக்ஸ்டெர்ம் என்றோ எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர் என்றோ தொடங்கும் வரி இருக்கும். எது கணினியில் உள்ளதோ அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும்:

க்னோம்: க்னோம்-டெர்மினல் --வெயிட் -- /பின்/எஸ்எச் %சி
எக்ஸ்எஃப்சிஇ: எக்ஸ்எஃப்சிஇ4-டெர்மினல் -ஈ "/பின்/எஸ்எச் %சி"
கேடிஇ: கான்சோல் -ஈ /பின்/எஸ்எச் %சி

%சி என்பது ஜீனி தற்காலிகமாக எழுதும் ஒரு சிறு ஸ்கிரிப்ட். நம் நிரலை ஓட்டி, முடிவு எண்ணைக் காட்டி, என்டர் தட்டும்வரை சன்னலை மூடாமல் பிடித்து வைப்பது அந்த ஸ்கிரிப்ட்தான். அதனால் %சியை நீக்கிவிடக் கூடாது.

க்னோமில் --வெயிட் ஏன் என்றால், க்னோம்-டெர்மினல் வேலையைப் பின்னணியில் உள்ள தன் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வெளியேறிவிடும். ஓட்டம் முடிந்துவிட்டது என்று ஜீனி நினைத்துக்கொள்ளும். முடிவில்லாத லூப்பில் மாட்டிய நிரலை ஜீனியிலிருந்து நிறுத்த முடியாமல் போவது இதனால்தான்.

#5 சி_மாணவி

--வெயிட் போட்டதும் வந்துடுச்சு, நன்றி அண்ணா. இன்னொண்ணு. முடிவுல 'எக்ஸிட்டட் வித் கோட்: 139'ன்னு வருது. விடை எதுவும் அச்சாகல.

#6 வல்லினம்

139 என்றால் 128 கூட்டல் 11. 128க்கு மேல் வந்தால் பெரும்பாலும் நிரல் தானாக முடியவில்லை, இயங்குதளம் சிக்னல் அனுப்பிக் கொன்றது என்று பொருள். 128ஐக் கழித்தால் சிக்னல் எண். 11 செக்மென்டேஷன் ஃபால்ட்: நமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. மாணவர் நிரல்களில் முக்கால்வாசி நேரம் காரணம் ஸ்கேன்எஃப்பில் மாறிக்கு முன்னால் & விட்டுப்போனது, அல்லது அர்ரேயின் எல்லை தாண்டிய குறியீட்டெண். 136 வந்தால் முழு எண்ணைச் சுழியால் வகுத்திருக்கிறது. 134 வந்தால் நிரலே அபார்ட் கூப்பிட்டிருக்கிறது.

எந்த வரி என்று கண்டுபிடிக்க, பில்ட் கட்டளையில் -ஜிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்

மறுபடி எஃப்9, எஃப்5. இப்போது விழும்போது கோப்பின் பெயர், வரி எண்ணோடு சொல்லிவிட்டு விழும். கொஞ்சம் மெதுவாக ஓடும், நினைவகமும் கூடுதலாகத் தின்னும். ஆனால் கற்கும் காலத்தில் இதை நிரந்தரமாகவே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. மிங்டபிள்யூ எனப்படும் விண்டோஸுக்கான ஜிசிசியில் இது இல்லை. லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும் கருவி) அந்த லைப்ரரி இல்லை என்று நின்றுவிடும்.

முதலில் எஃப்9க்குப் பிறகு கீழே கம்பைலர் தாவலைப் பாருங்கள். ஸ்கேன்எஃப்பில் & இல்லை என்றால் -வால் அதை அங்கேயே எச்சரித்திருக்கும். எச்சரிக்கையை இருமுறை சொடுக்கினால் கர்சர் அந்த வரிக்கே போய் நிற்கும்.

#7 நெல்லை_நிரல்

#1ல் -எல்எம் கடைசியில் இருப்பதற்குக் காரணம் சொல்லாமல் விட்டிருக்கிறார். முக்கியமானது, சொல்லிவிடுகிறேன்.

லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரியைச் சந்திக்கும் நேரத்தில் யாருக்காவது அதிலிருந்து ஏதாவது தேவைப்படுகிறதா என்று பார்க்கும். -எல்எம் முன்னால் இருந்தால் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தேவையில்லை, கணித லைப்ரரியை விட்டுவிட்டு நகர்ந்துவிடும். பிறகு நம் கோப்பில் எஸ்க்யூஆர்டி (வர்க்கமூலம் காணும் ஃபங்ஷன்) வரும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. உபுண்டு பல ஆண்டுகளாகத் தேவைப்படும் லைப்ரரியை மட்டும் இணைக்கும் அமைப்பை இயல்பாக வைத்திருப்பதால் அங்கே இது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. எஸ்க்யூஆர்டி(16.0) என்று நேரடி எண் கொடுத்தால் -எல்எம் இல்லாமலே ஓடும். எஸ்க்யூஆர்டி(எக்ஸ்) என்று மாறியைக் கொடுத்தால் ஓடாது. எண்ணாக இருந்தால் ஜிசிசி கம்பைல் நேரத்திலேயே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடுகிறது, லைப்ரரிக்குப் போகவே இல்லை. 'போன நிரலில் ஓடியது, இதில் ஓடவில்லை' என்பதற்கு இதுவே காரணம்.

#8 ஆய்வகம்_3

கல்லூரி லேபில் மாணவர்கள் பென்டிரைவில் வைத்தே நிரல் எழுதுகிறார்கள். பில்ட் ஆகிறது, ஓட்டும்போது 'பெர்மிஷன் டினைட்'. ஓடும் அனுமதி தரும் சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்தாலும் மாறவில்லை. எல்லாக் கணினியிலும் இதே நிலை. லினக்ஸ் மின்ட்.

#9 வல்லினம்

ஐயா, பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கும். அந்தக் கோப்பு முறையில் லினக்ஸின் அனுமதி பிட்டுகளைச் சேமிக்க இடமே இல்லை, அதனால் சிஎச்மாட் எதையும் மாற்றாது. டெஸ்க்டாப் தானாக மவுன்ட் செய்யும்போது ஷோஎக்ஸெக் என்ற விருப்பத்தோடு செய்கிறது. பின்னொட்டு .இஎக்ஸ்இ, .காம், .பேட் என்று இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் ஓடும் அனுமதி கிடைக்கும், மற்றவற்றுக்குக் கிடைக்காது.

மாணவர்களின் பழக்கத்தை மாற்றாமல் தீர்க்க வழி இருக்கிறது. மூலக் கோப்பு பென்டிரைவிலேயே இருக்கட்டும், ஓடும் கோப்பை மட்டும் கணினியின் டெம்ப் ஃபோல்டரில் உண்டாக்குங்கள்:

பில்ட்: ஜிசிசி -வால் -ஜி -ஓ "/டிஎம்பி/%ஈ" "%எஃப்" -எல்எம்
எக்ஸிக்யூட்: "/டிஎம்பி/%ஈ"

ஃபோல்டர் கட்டத்தைத் தொடாதீர்கள். காலியாக இருந்தால் நிரல் பென்டிரைவ் ஃபோல்டரில் நின்றே ஓடும். எஃப்ஓபன் கொண்டு திறக்கும் தரவுக் கோப்புகள் வழக்கம்போலக் கிடைக்கும். மெதுவான பென்டிரைவில் ஒவ்வொரு பில்டும் எழுத வேண்டியதில்லை என்பது கூடுதல் நன்மை. ஒரே கணினியைப் பல பயனர் கணக்குகள் பகிர்ந்தால் மட்டும் ஒருவர் உண்டாக்கிய கோப்பை இன்னொருவர் மேலெழுத முடியாது. அங்கே /டிஎம்பிக்குப் பதில் அவரவர் ஹோமில் ஒரு ஃபோல்டர் வையுங்கள்.

#10 கருவிப்பெட்டி

ஆய்வகம் ஐயாவுக்கு இன்னொரு குறிப்பு. ஒவ்வொரு கணினியிலும் பெட்டியைத் திறந்து தட்ட வேண்டாம். ஒரு கணினியில் சரியாக அமைத்துவிட்டு, ஹோம் ஃபோல்டரில் .கான்ஃபிக்/ஜீனி/ஃபைல்டெஃப்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். ஃபைல்டைப்ஸ்.சி என்று ஒரு கோப்பு இருக்கும். அதனுள் பில்ட்-மெனு என்ற தலைப்பின் கீழ் நாம் கொடுத்த வரிகள் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பை மற்றக் கணினிகளில் அதே இடத்தில் நகலெடுத்தால் முடிந்தது. சி++க்கு ஃபைல்டைப்ஸ்.சிபிபி. புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் மறைந்திருக்கும், கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும்.

டெர்மினல் வரி மட்டும் இதில் வராது, அது ஜீனி.கான்ஃப் கோப்பில் தனியாக இருக்கிறது. முழுக் கோப்பையும் நகலெடுத்தால் அந்தக் கணினியின் மற்ற விருப்பங்களும் மாறிவிடும். அதனால் அந்த வரியை மட்டும் கையால் மாற்றுவது நல்லது, மாற்றும்போது ஜீனி மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் மூடும்போது தன் பழைய அமைப்பை மேலே எழுதிவிடும்.

#11 பழையநீலத்திரை

டர்போ சி++ல் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் நிறைய உள்ளன. ஜீனியில் போட்டால் முதல் வரியிலேயே பிழை. கோனியோ.எச் இல்லை, ஐயோஸ்ட்ரீம்.எச் இல்லை. இதற்குக் கூடுதலாக ஏதாவது நிறுவ வேண்டுமா?

#12 நெல்லை_நிரல்

எதையும் நிறுவ வேண்டாம் தோழர், நிரலைத்தான் மாற்ற வேண்டும். டர்போ சி++ 3.0 வந்தது 1990களின் தொடக்கத்தில். சி++க்கு முதல் ஐஎஸ்ஓ தரம் வந்தது 1998இல். ஆகவே அந்தப் பழைய நடை இன்றைய ஜி++க்குச் செல்லாது.

ஐயோஸ்ட்ரீம்.எச் என்பதில் .எச் எடுத்துவிட்டு, கீழே 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' சேருங்கள். வாய்ட் மெயின் என்பதை இன்ட் மெயின் ஆக்கி முடிவில் ரிட்டர்ன் 0 போடுங்கள். சி++ல் வாய்ட் மெயின் நேரடிப் பிழை. சியில் ஜிசிசி எச்சரித்துவிட்டு விட்டுவிடும், ஆனால் ஓட்டம் முடிந்ததும் ஜீனி காட்டும் முடிவு எண் ஏதோ ஒரு குப்பை எண்ணாக இருக்கும்.

கோனியோ.எச் லினக்ஸில் இல்லவே இல்லை. மிங்டபிள்யூவில் இருக்கிறது, அதில் கெட்ச் உண்டு, சிஎல்ஆர்எஸ்சிஆர் கிடையாது. இரண்டையுமே அழித்துவிடுங்கள். அன்று கெட்ச் எழுதியதற்குக் காரணம் விடை தெரிந்ததும் திரை மறைந்துவிடும் என்பதுதான். இங்கே ஜீனியின் ஸ்கிரிப்டே சன்னலைப் பிடித்து வைத்திருக்கிறது.

கெட்ஸ் சி11 தரத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், அது வரியின் முடிவில் உள்ள நியூலைனையும் சேர்த்துக் கொண்டுவரும், அதை மறக்காமல் நீக்குங்கள். ஜிசிசி 14லிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது சியில் எச்சரிக்கை அல்ல, பிழை. முன்பு ஓடிய பழைய சி நிரல் புதிய லினக்ஸ் பதிப்பில் திடீரென்று நின்றுபோனால் பெரும்பாலும் மேலே ஒரு இன்க்ளூட் விட்டுப்போயிருக்கும்.

இன்ட் அளவு பிழையாகத் தெரியாது, விடைதான் மாறும். டர்போவில் 2 பைட், உச்சம் 32767. இங்கே 4 பைட். ஃபேக்டோரியல் நிரலில் 8!க்கு டர்போ தவறான எண் காட்டும், ஜிசிசி 40320 என்று சரியாகக் காட்டும். அதுவும் 13!இல் எல்லை தாண்டிவிடும்.

கிராஃபிக்ஸ்.எச் நிரல்களை மட்டும் இங்கே கொண்டுவர முயலாதீர்கள். பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸிலேயே இருக்கட்டும்.

#13 யாழ்_நிரல்

விண்டோஸில் செய்பவர்களுக்கும் ஒருவர் எழுதினால் நல்லம். ஜீனி நிறுவியாச்சு, எஃப்9 அழுத்த 'ஃபெயில்ட் டு எக்ஸிக்யூட், ஜிசிசி' என்று வருகுது.

#14 கருவிப்பெட்டி

விண்டோஸில் கம்பைலரைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். விண்டோஸுக்கான ஜிசிசி கிடைக்கும் எம்சிஸ்2 தொகுப்பை நிறுவுங்கள். இயல்பாக சி டிரைவில் எம்சிஸ்64 என்ற ஃபோல்டரில் போகும், அதை மாற்றாதீர்கள். பெயரில் இடைவெளி, தமிழெழுத்து உள்ள பாதைகளைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 யூசிஆர்டி64 என்பதைத் திறந்து:

பேக்மேன் -எஸ் மிங்டபிள்யூ-டபிள்யூ64-யூசிஆர்டி-எக்ஸ்86_64-ஜிசிசி

இதில் எஸ் பெரிய எழுத்து. முடிந்ததும் விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியில் பாத் பட்டியலில் எம்சிஸ்64, அதற்குள் யூசிஆர்டி64, அதற்குள் பின் என்ற ஃபோல்டரின் முழுப் பாதையைச் சேருங்கள். பிறகு ஜீனியை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். ஒரு நிரல் தொடங்கும்போது கிடைத்த பாத் பட்டியலைத்தான் கடைசிவரை வைத்திருக்கும். பாத் சரியாகச் சேர்த்தும் அதே பிழை வருவதற்கு ஜீனியை மூடாமல் விட்டதே காரணமாக இருக்கும்.

சரிபார்க்க: புதிதாக ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஜிசிசி --வெர்ஷன் தட்டுங்கள். அங்கே வந்தால் ஜீனியிலும் வரும்.

முன்பே பழைய மிங்டபிள்யூ அல்லது டெவ்-சி++ நிறுவியிருந்தால் பாத் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுதான் ஓடும். புதிய பாதையை மேலே நகர்த்துங்கள்.

#15 யாழ்_நிரல்

வேலை செய்யுது, நன்றி. சி++ நிரலை நண்பரின்ட கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டினால் லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் இல்லையாம். மற்றது, சில நேரம் இரண்டாம் முறை எஃப்9 அழுத்தேக்க 'கேனாட் ஓபன் அவுட்புட் ஃபைல், பெர்மிஷன் டினைட்' என்கிறது.

#16 வல்லினம்

முதலாவதுக்கு பில்ட் கட்டளையின் முடிவில் -ஸ்டாட்டிக் சேருங்கள். தேவையான லைப்ரரிகள் .இஎக்ஸ்இக்குள்ளேயே போய்விடும். கோப்பு பெரிதாகும், ஆனால் எம்சிஸ்2 இல்லாத கணினியிலும் ஓடும்.

இரண்டாவது, முந்தைய ஓட்டத்தின் கருப்புச் சன்னல் இன்னும் மூடாமல் பின்னால் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் .இஎக்ஸ்இயை விண்டோஸ் மேலெழுத விடாது. சன்னலை மூடிவிட்டு மறுபடி எஃப்9. சன்னலே இல்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் நிரலின் பெயரைத் தேடி நிறுத்துங்கள். இரண்டும் இல்லை என்றால் ஆன்டிவைரஸ் புதிதாகப் பிறந்த கோப்பைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். நிரல்கள் வைக்கும் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

#17 ஒரேவிசை

ஏன் இரண்டு விசை? எக்ஸிக்யூட் கட்டளையிலேயே இரண்டையும் சேர்த்துவிடலாமே:

ஜிசிசி -வால் -ஓ "%ஈ" "%எஃப்" -எல்எம் && "./%ஈ"

எஃப்5 மட்டும் போதும். #2ல் சொன்ன பழைய நிரல் ஓடும் சிக்கலும் தீர்ந்தது. && இருப்பதால் கம்பைல் தோற்றால் ஓடாது.

#18 கருவிப்பெட்டி

சரியாக ஓடும், நானும் மறுக்கவில்லை. ஆனால் இழப்பது பெரியது. எக்ஸிக்யூட் வெளி டெர்மினலில் ஓடுவதால் பிழைகளும் அங்கேதான் அச்சாகும். கீழே உள்ள கம்பைலர் தாவலுக்கு வராது, நிரலில் பிழையுள்ள வரி அடிக்கோடிடப்படாது, சொடுக்கி வரிக்குப் போக முடியாது. கற்பவருக்கு ஜீனி தரும் பெரிய உதவியே அதுதான். எஃப்9, எஃப்5 என்று இரண்டு விசையைக் கை இரண்டு நாளில் பழகிவிடும்.

#19 நெல்லை_நிரல்

இரண்டு பேர் சொல்வதையும் வைத்துக்கொள்ளலாம். கீழ்ப் பகுதியில் எக்ஸிக்யூட்டுக்கு இரண்டு வரி இருக்கிறது. முதல் வரி வழக்கப்படி "./%ஈ". இரண்டாவது காலியாக இருக்கும். அதில் போட்டிக் கணக்குகள் செய்பவர்கள் இப்படி எழுதலாம்:

"./%ஈ" < உள்ளீடு.டிஎக்ஸ்டி

ஒவ்வொரு முறையும் இருபது எண்களைக் கையால் தட்ட வேண்டாம். அந்த வரியின் பெயரைச் சொடுக்கித் தமிழிலேயே 'கோப்பிலிருந்து ஓட்டு' என்று வைக்கலாம், மெனுவில் அப்படியே வரும்.

#20 சி_மாணவி

பைத்தானுக்கும் இதே மாதிரிதானா? எஃப்5 அழுத்தினா 'பைத்தான்: நாட் ஃபவுண்ட்'. டெர்மினல்ல பைத்தான்3 ஓடுது.

#21 வல்லினம்

அதே பெட்டி. .பிஒய் கோப்பு திறந்திருக்கும்போது கம்பைல், எக்ஸிக்யூட் இரண்டு வரியிலும் பைத்தான் என்பதைப் பைத்தான்3 ஆக்குங்கள். எக்ஸிக்யூட்: பைத்தான்3 "%எஃப்". இங்கே %ஈ அல்ல, %எஃப். தனியாக ஓடும் கோப்பு எதுவும் பிறப்பதில்லை. எஃப்8 இலக்கணப் பிழையை மட்டும் சோதிக்கும்.

வென்வ் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று பிரித்து வைக்கும் பைத்தான் சூழல்) வைத்திருந்தால் அதன் பைத்தானை முழுப் பாதையோடு எழுதுங்கள்: "%பி/.வென்வ்/பின்/பைத்தான்" "%எஃப்". %பி நிரம்ப ப்ராஜெக்ட் திறந்திருக்க வேண்டும். டெர்மினலில் ஆக்டிவேட் செய்தது ஜீனிக்குத் தெரியாது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கவனம். டர்ட்டில் பயிற்சிக்கு டர்ட்டில்.பிஒய் என்றே பெயர் வைத்தால், இம்போர்ட் டர்ட்டில் என்றதும் பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில் தேடி உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். 'அப்படி ஒரு ஆட்ரிபியூட் இல்லை' என்று வரும். ராண்டம்.பிஒய், மேத்.பிஒய் என்றெல்லாமும் வைக்க வேண்டாம்.

#22 ஆய்வகம்_3

டெம்ப் ஃபோல்டர் வழி எல்லாக் கணினியிலும் வேலை செய்கிறது, மிக்க நன்றி. இன்னும் ஒன்று: தமிழில் அச்சிடும் நிரல் எழுதச் சொன்னோம். எழுத்துகள் வருகின்றன, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. எஸ்டிஆர்லென் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 என்கிறது. ஜீனியில் ஏதாவது அமைக்க வேண்டுமா?

#23 நெல்லை_நிரல்

இரண்டும் வேறு வேறு, ஐயா. இரண்டிலுமே நிரலில் பிழை இல்லை.

15 சரியான விடைதான். 'தமிழ்' என்பது யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. இதே காரணத்தால் ப்ரின்ட்எஃப்பில் அகலம் கொடுத்துத் தமிழ்ப் பட்டியலை நேர்கோட்டில் நிறுத்த முடியாது. அகலமும் பைட்டில்தான் கணக்காகிறது. பைத்தானில் லென் 5 தரும், அது குறிகளின் எண்ணிக்கை. நாம் மூன்று எழுத்து என்று எண்ணுவதற்கு இரண்டுமே விடை அல்ல. மாணவர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்: கொம்பு, கால், புள்ளி போன்ற சார்ந்த குறிகளை விட்டுவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

கொம்பு இடம் மாறுவது டெர்மினலால். அது திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குறி என்று வைக்கிறது. 'கொ' போன்ற எழுத்தில் ஒரே குறி மெய்யின் இரு பக்கமும் விரிய வேண்டும். க்னோம்-டெர்மினல் அப்படி எழுத்தைக் கோக்கும் வேலையைச் செய்வதில்லை. ஜீனியின் எழுதும் பகுதி செய்கிறது. ஆகவே எக்ஸிக்யூட்டின் இரண்டாவது வரியை இப்படி வையுங்கள்:

"/டிஎம்பி/%ஈ" > விடை.டிஎக்ஸ்டி

ஓட்டியபின் விடை.டிஎக்ஸ்டியை ஜீனியிலேயே திறந்தால் தமிழ் சரியாகத் தெரியும். அடுத்தடுத்த ஓட்டங்களில் கன்ட்ரோல்+ஆர் அழுத்தி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று டாக்குமென்ட் > செட் என்கோடிங்கில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் கேள்விக்குறிகளோ புரியாத எழுத்துகளோ வந்தால் காரணம் வேறு: கன்சோலின் கோட்பேஜ், அதாவது பைட்டுகளை எந்த எழுத்தாகக் காட்டுவது என்ற அமைப்பு. கோப்பின் மேலே விண்டோஸ்.எச் இன்க்ளூட் சேர்த்து, மெயினின் தொடக்கத்தில் செட்கன்சோல்அவுட்புட்சிபி(65001) என்று கூப்பிடுங்கள். அதில் எஸ், சி, ஓ, சிபி ஆகியவை பெரிய எழுத்து.

#24 ஆய்வகம்_3

புரிந்தது. கடைசியாக: இரண்டு மூன்று .சி கோப்புகள் சேர்ந்த நிரலுக்கு %எஃப் போதவில்லை.

#25 கருவிப்பெட்டி

அங்கே மேக்ஃபைலுக்கு (எதிலிருந்து எதை உண்டாக்குவது என்று மேக் கருவிக்குச் சொல்லும் கோப்பு) போய்விடுங்கள், ஜீனியின் கட்டளையை நீட்டிக்கொண்டே போக வேண்டாம். ஃபோல்டரில் (பென்டிரைவில் வேண்டாம், #9ல் சொன்ன அனுமதிச் சிக்கல் வரும்) மேக்ஃபைல் என்ற பெயரில், எம் பெரிய எழுத்தாக, ஒரு கோப்பு. மெயின்.சி, வரிசை.சி இரண்டும் இருந்தால் உள்ளே இவ்வளவே:

சிஃப்ளாக்ஸ் = -வால் -ஜி
எல்டிலிப்ஸ் = -எல்எம்
மெயின்: மெயின்.ஓ வரிசை.ஓ

முதல் இரண்டு வரியில் சமக்குறிக்கு இடப்பக்கம் முழுதும் பெரிய எழுத்து. .சியிலிருந்து .ஓ எப்படி வரும், .ஓக்களை எப்படி இணைப்பது என்பது மேக்குக்கே தெரியும், அதற்குத் தனி வரி தேவையில்லை. இணைத்துப் பிறக்கும் கோப்பின் பெயர் ஏதாவது ஒரு .ஓவின் பெயரோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஷிஃப்ட்+எஃப்9 அழுத்தினால் மேக் ஓடும்; மாறிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். தலைப்புக் கோப்பு இருந்தால் 'மெயின்.ஓ வரிசை.ஓ: வரிசை.எச்' என்று நான்காவது வரி சேருங்கள், இல்லாவிட்டால் .எச் மாறியது மேக்குக்குத் தெரியாது.

நீங்களே கட்டளை வரி எழுதினால் அது டேப்பில் தொடங்க வேண்டும். இடைவெளிகளில் தொடங்கினால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நிற்கும். வியூ மெனுவில் ஷோ ஒயிட் ஸ்பேஸ் போட்டால் டேப் அம்புக்குறியாகவும் இடைவெளி புள்ளியாகவும் தெரியும்.

எஃப்5 மட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்பின் பெயரைத்தான் ஓட்டப் பார்க்கும். வரிசை.சி திறந்திருந்தால் ./வரிசை என்று தேடி ஏமாறும். இதற்கு ப்ராஜெக்ட் > நியூ கொடுத்து, ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸின் பில்ட் தாவலில் எக்ஸிக்யூட்டை "./மெயின்" என்றும் ஃபோல்டரை %பி என்றும் வையுங்கள். மேக் வரியின் ஃபோல்டரும் %பி. ப்ராஜெக்ட் திறந்திருக்கும்வரை இது மற்ற அமைப்புகளை மீறி நிற்கும். மூடியதும் ஒற்றைக் கோப்புக்கான பழைய கட்டளைகள் திரும்பிவிடும்.